புதுப்பிப்பு: காலைல புடிக்காத பழைய பிக்கப், கூடவே புளோயர் கதையும்

முன்னாடி போட்டிருந்தேன்ல, நம்ம பழைய டீசல் பிக்கப் ராத்திரி நிறுத்தினா காலைல செல்ஃப் சுத்துது, எஞ்சின் புடிக்கல, டீசல கையால ஏத்துற ஹேண்ட் பம்ப் அடிச்சாதான் உசுரு வருது, கேபினுக்குள்ள காத்தடிக்கிற புளோயரும் நாலாம் நம்பர் வேகத்துல மட்டும்தான் ஓடுதுன்னு. ரெண்டும் தீந்துச்சு.

நெறைய பேரு ஹீட்டர் பிளக்கு (குளுர்ல எஞ்சின் புடிக்க உள்ள சூடேத்துறது) போயிருக்கும்னீங்க. ஆனா பம்ப் அடிச்ச ஒடனே புடிக்குதுன்னா டீசல் லைன்ல காத்து ஏறுதுன்னுதான் அர்த்தம், அதுவும் மன்னார்குடி வெயில்ல பிளக்குக்கு பெருசா என்ன வேல. ஃபில்டருக்கு முன்னாடி கண்ணாடி மாதிரி தெரியிற ஓஸ் ஒரு துண்டு போட்டு பாத்தா குமிழி குமிழியா வருது, டேங்க்லேர்ந்து வர்ற ரப்பர் ஓஸ் கிளாம்ப் கிட்ட வெடிச்சிருக்கு. எஞ்சின் ஓடுறப்ப அது பம்ப் டீசல இழுக்குற பக்கம்ங்கறதால டீசல் ஒழுகாம காத்த உள்ள இழுத்திருக்கு, அதான் கீழ ஒரு சொட்டு கூட தெரியல. ஓஸ், கிளாம்ப், செப்பு வாஷர் எல்லாம் மாத்தியாச்சு.

டேங்க் மூடியத் தொறந்தா புஸ்ஸுன்னு சத்தம் வேற. மூடில இருக்குற காத்து ஓட்டைய சம்பா அறுப்பு தூசு அடைச்சிருச்சு, டீசல் கொறையக் கொறைய உள்ள காத்து போகலன்னா பம்ப் எப்டி இழுக்கும்?

புளோயருக்கு வேகத்தக் கொறைக்கிற ரெசிஸ்டர் அவுட். நாலாம் நம்பருக்கு கரண்ட் அது வழியா போகாது, நேரா மோட்டாருக்குப் போயிரும். காத்து போற டக்ட்ல வைக்கோல் கூளம், காத்து கம்மியாகி ரெசிஸ்டர் சூடேறி போயிருக்கு.

ஓஸ் வாங்குறவங்க டீசல் ஓஸ்னே கேளுங்க, தண்ணி ஓஸ் ஊறி கொழகொழன்னு ஆயிரும்.