பாட்டில் கறிச் சாஸில் செய்த கோழிக்கறி தண்ணீராகிறது, கிழங்கு வேகவில்லை: உதவி தேவை

செம்பவாங் புதியவன்:

அனைவருக்கும் வணக்கம். வேலைக்காகத் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வந்து, செம்பவாங்கில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். வீட்டு உரிமையாளர் இலேசான சமையலுக்கு மட்டும்தான் அனுமதி கொடுத்திருக்கிறார். எண்ணெயில் பொரிக்கக் கூடாது, நெடி எழும்படி மிளகாய் வறுக்கக் கூடாது. என்னிடம் இருப்பது ஓர் இண்டக்‌ஷன் அடுப்பும் ஒட்டாத பூச்சுள்ள ஒரு சட்டியும் மட்டுமே. சமையல் எனக்கு முற்றிலும் புதிது. அதனால்தான் பேரங்காடியில் கண்ணாடிப் பாட்டிலில் விற்கும் கறிச் சாஸை வாங்கினேன்.

நான் செய்த முறை இதுதான். உறையவைத்த கோழி நெஞ்சுக்கறித் துண்டுகள், நான்காக வெட்டிய இரண்டு உருளைக்கிழங்கு, பாட்டிலில் இருந்த சாஸ் முழுவதும், ஒரு கோப்பைத் தண்ணீர், 200 மில்லிலிட்டர் தேங்காய்ப்பால் பொட்டலம் ஒன்று, ஒரு தேக்கரண்டி உப்பு. எல்லாவற்றையும் ஒன்றாகச் சட்டியில் போட்டு மூடி, அதிகச் சூட்டில் இருபது நிமிடம் வைத்தேன்.

குழம்பு ரசம் போல ஓடுகிறது. தேங்காய்ப்பால் திரிந்து வெள்ளைத் துணுக்குகளாக மிதக்கிறது. கோழி நார்நாராக இருக்கிறது, கிழங்கோ நடுவில் இன்னும் கடினமாகவே இருக்கிறது. உப்பும் தூக்கல், புளிப்பும் தூக்கல். பாட்டிலின் மீது போட்டிருக்கும் படத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அறைத் தோழர்கள் இருவரும் வேலையிடத்து மலாய் நண்பர் ஒருவரும் சாப்பிட வருகிறார்கள். என் கையால் சமைத்துப் போட வேண்டும் என்று மிகவும் ஆசைப்படுகிறேன். எதை மாற்ற வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஈசூன்வாசி:

தம்பி, பதில் சொல்வதற்கு முன் ஒரு விவரம் தேவை. சாதாரணமாகக் கறிச் சாஸ் என்று சொன்னாலும் கடையில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று எண்ணெயும் மசாலாவும் கெட்டியாக அரைத்த விழுது. இங்கே பெரும்பாலும் அலுமினியப் பொட்டலத்தில் வரும். மற்றொன்று தண்ணீர், தக்காளி எல்லாம் சேர்ந்து ஏற்கெனவே குழம்பாக இருப்பது. இரண்டையும் ஒரே மாதிரி சமைக்க முடியாது. பாட்டிலின் பின்புறம் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். சிங்கப்பூரில் பொட்டல உணவில் சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுத வேண்டும் என்பது விதி. முதல் மூன்று பெயர்களைச் சொல்லுங்கள், மீதியைச் சொல்கிறேன்.

செம்பவாங் புதியவன்:

நன்றி அண்ணா. முதலில் தண்ணீர், அடுத்து தக்காளி, அடுத்து வெங்காயம். பிறகு எண்ணெய், சர்க்கரை, உப்பு, மசாலாப் பொருள்கள், புளிப்புச் சீராக்கி என்று போகிறது.

ஈசூன்வாசி:

அப்படியானால் அது ஆயத்தக் குழம்பு. தண்ணீர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. நீங்கள் ஒரு கோப்பை ஊற்றினீர்கள், உறைந்த கோழி தன் பங்குக்குத் தண்ணீர் விட்டது, மேலே தேங்காய்ப்பால், அதற்கும் மேலே மூடி. ஆவியாகிப் போக வழியே இல்லாதபோது குழம்பு எப்படிச் சுண்டும்? தண்ணீரை முழுவதும் விட்டுவிடுங்கள்.

தேக்கா அக்கா:

தம்பி, நீங்கள் விவரமாக எழுதியதால் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்ல முடிகிறது.

முதலில் கிழங்கு. இருபது நிமிடம் கொதித்தும் ஏன் வேகவில்லை என்று குழம்பியிருப்பீர்கள். அது உங்கள் அடுப்பின் குறை அல்ல. புளிப்பான குழம்பில் உருளைக்கிழங்கு எளிதில் மென்மையாகாது. கிழங்கின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் என்ற பொருள் வெறும் தண்ணீரில் வேகும்போது கரைந்து தளரும். புளியோ தக்காளியோ இருந்தால் அது இறுகி நிற்கும். நம் அம்மாக்கள் புளிக்குழம்பில் காயை முக்கால் வேக்காடு வேகவைத்த பிறகே புளி கரைத்து ஊற்றுவார்கள், கவனித்திருப்பீர்கள். உங்கள் பாட்டிலில் தக்காளியும் புளிப்புச் சீராக்கியும் இருக்கின்றன. அதனால் கிழங்கைத் தனியாக வெறும் தண்ணீரில் எட்டு முதல் பத்து நிமிடம் வேகவைத்து, கத்தி முனை சுலபமாக இறங்கும்போது வடித்து வைத்துக்கொள்ளுங்கள். குழம்பில் கடைசி ஐந்து நிமிடம் கிடந்தால் போதும்.

அடுத்து தேங்காய்ப்பால். அதில் கொழுப்பும் தண்ணீரும் கலந்தே நிற்க, அதிலுள்ள புரதம்தான் துணை செய்கிறது. அதிகச் சூடும் புளிப்பும் சேர்ந்தால் புரதம் கட்டியாகி, கொழுப்பு தனியே பிரிந்துவிடும். அந்த வெள்ளைத் துணுக்குகள் கெட்டுப்போனவை அல்ல, சாப்பிடலாம், பார்வைக்குத்தான் நன்றாக இருக்காது. பொட்டலத்தில் வரும் பாலில் பெரும்பாலும் நிலைப்படுத்தும் பொருள் சேர்த்திருப்பார்கள். சந்தையில் துருவிப் பிழிந்த புதுப் பால் அதைவிடச் சீக்கிரம் திரியும். எந்தப் பாலாக இருந்தாலும் கோழி வெந்த பிறகு, சூட்டைக் குறைத்து, கடைசியில் ஊற்றுங்கள். மூடாமல் கிளறிக்கொண்டே இருங்கள். ஓரத்தில் சிறு குமிழ்கள் தெரிந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். முழுப் பொட்டலம் வேண்டாம், பாதி போதும்.

கோழி. நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவு. கொதிக்கும் குழம்பில் இருபது நிமிடம் கிடந்தால் வறண்டு நாராகத்தான் ஆகும். தொடைக்கறி வாங்குங்கள். எலும்பில்லாத தொடை பதினைந்து நிமிடத்தில் பதமாக வெந்துவிடும். எலும்போடு இருந்தால் இருபத்தைந்து, முப்பது நிமிடம். சில நிமிடம் கூடினாலும் தொடைக்கறி பொறுத்துக்கொள்ளும் என்பதால் புதிதாகச் சமைப்பவர்களுக்கு அதையே எப்போதும் சொல்வேன்.

உப்பு. பாட்டிலில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. நீங்கள் மேலே போட்ட ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ 5 கிராம். பெரியவர் ஒருவர் ஒரு நாள் முழுவதற்கும் சாப்பிடலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் மேல் எல்லையே 5 கிராமுக்குக் கீழேதான். ஊட்டச்சத்துப் பட்டியலில் சோடியம் எவ்வளவு என்று போட்டிருக்கும். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் ஒரு கிராம் உப்பு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆயத்தச் சாஸில் சமைக்கும்போது கடைசியில் ருசி பார்க்கும் வரை உப்பு டப்பாவைத் திறக்காதீர்கள்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு. பெரிய வெங்காயம் ஒன்றை மெல்லியதாக நறுக்கி, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் நடுத்தரச் சூட்டில் பொன்னிறமாகும் வரை பொறுமையாக வதக்குங்கள். பத்து நிமிடம் ஆகும், அவசரப்படாதீர்கள். பாட்டிலின் புளிப்பைச் சமன்செய்வது இந்த வெங்காயத்தின் இனிப்புத்தான். ஒரு கொத்துக் கறிவேப்பிலை போடுங்கள். அரைத் தேக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, பச்சை வாசனை போகும் வரை. பிறகு ஈரம் ஒற்றியெடுத்த கோழித் துண்டுகள். நிறம் வெளுக்கும் வரை புரட்டி, அதன்பின் சாஸ். மூடாமல், சிறு கொதியில் பதினைந்து நிமிடம். குழம்பு சுண்டி ஓரத்தில் எண்ணெய் தலைகாட்டும்போது கிழங்கு, அதன்பின் தேங்காய்ப்பால். இதில் நெடி எழ எதுவும் இல்லை. சன்னலைத் திறந்து வையுங்கள், உங்கள் வீட்டு உரிமையாளர் ஒன்றும் சொல்லமாட்டார்.

பஃபலோ ரோட்டுக்காரர்:

என்னைக் கேட்டால் அந்தப் பாட்டிலே வேண்டாம் என்பேன். தேக்கா சந்தைக்குப் போங்கள். அரைத்த ஈர மசாலா விற்கும் கடையில் கோழிக்கறியா மீன்கறியா, எத்தனை பேருக்கு என்று சொன்னால் மிளகாய், மல்லி, மஞ்சள், இஞ்சி, பூண்டு எல்லாவற்றையும் அளவாகக் கலந்து பையில் கட்டித் தருவார்கள். விலையும் குறைவு, மணமும் அதிகம். சிங்கப்பூரில் இருந்துகொண்டு கண்ணாடிப் பாட்டிலில் கறி வாங்குவது எனக்கு மனத்தாங்கலாக இருக்கிறது.

தேக்கா அக்கா:

ஐயா, நீங்கள் சொல்வது ருசிக்கு உண்மை. நானும் அந்தக் கடைக்கு வாடிக்கைதான். ஆனால் ஈர மசாலாவை எண்ணெயில் நன்றாக வதக்காமல் விட்டால் பச்சை வாசனை போகாது, வதக்கினால் வீடு முழுவதும் மணக்கும். ஒற்றை அறையில் இலேசான சமையல் என்ற நிபந்தனையோடு இருக்கும் பிள்ளைக்கு இப்போது அது முடியாது. முதலில் கைக்குத் தைரியம் வரட்டும். நம் பிள்ளைகள் பலர் இரவு வேலை முடிந்து வந்து வெறும் மீ கொரேங் உடனடி நூடுல்ஸ் பொட்டலத்தைச் சாப்பிட்டுப் படுக்கிறார்கள். அதற்குப் பாட்டில் சாஸில் ஒரு கோழிக்கறி எவ்வளவோ மேல்.

பஃபலோ ரோட்டுக்காரர்:

அதை நான் யோசிக்கவில்லை அம்மா. சரிதான். தம்பி, கறிவேப்பிலை மட்டுமாவது தேக்காவில் புதிதாக வாங்குங்கள். பாட்டில் கறிக்கு நம் வீட்டு மணம் அதில்தான் வரும்.

ஜூரோங் தாதி:

உறைந்த கோழியை அப்படியே சட்டியில் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இனி அப்படிச் செய்யாதீர்கள். வெளியே வெந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே சூடு ஏறாமல் இருக்கலாம். முதல் நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு பாத்திரத்தில் வைத்து உருகவிடுங்கள். சமையலறை மேடையில் வைத்து உருக்குவது இந்த ஊர் வெப்பத்துக்குச் சரிப்படாது. தடிமனான துண்டின் நடுப்பகுதி 75 டிகிரி செல்சியஸ் எட்ட வேண்டும் என்பது சிங்கப்பூர் உணவு அமைப்பின் அறிவுரை. வெப்பமானி இல்லையென்றால் பெரிய துண்டு ஒன்றை வெட்டிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்போ சிவந்த நீரோ இருக்கக் கூடாது. கோழியைக் கழுவவும் வேண்டாம். தெறிக்கும் தண்ணீரில் கிருமிதான் தொட்டி முழுவதும் பரவும்.

ஈசூன்வாசி:

மலாய் நண்பர் வருகிறார் என்றீர்கள். பாட்டிலிலும் கோழிப் பொட்டலத்திலும் முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) ஹலால் முத்திரையோ முயிஸ் ஏற்கும் வெளிநாட்டு முத்திரையோ இருக்கிறதா என்று பாருங்கள். அறைத் தோழர்கள் அதே சட்டியில் பன்றி இறைச்சி சமைத்திருந்தால் நண்பரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மறைக்காமல் சொல்வதுதான் மரியாதை. புதுச் சட்டி ஒன்று வாங்குவதும் பெரிய செலவில்லை.

பொங்கோல் மருமகள்:

இடையில் வந்து கேட்பதற்கு மன்னிக்கவும். என் மாமியார் சைவம். அடுத்த வாரம் ஊரிலிருந்து வருகிறார். வீட்டில் கறி விழுது பொட்டலங்கள் நிறைய இருக்கின்றன. கோழிக்குப் பதில் காய்கறியும் டோஃபுவும் போட்டுச் செய்தால் சைவமாகிவிடும் அல்லவா?

தேக்கா அக்கா:

அம்மா, நல்ல வேளை கேட்டீர்கள். இங்கே கிடைக்கும் மலாய், நியோன்யா வகை விழுதுகள் பலவற்றில் பெலாச்சான் என்ற புளிக்கவைத்த இறால் விழுது அல்லது உலர் இறால் அரைத்துச் சேர்த்திருப்பார்கள். லக்சா என்ற தேங்காய்ப்பால் நூடுல்ஸ் குழம்புக்கான விழுதில் பெரும்பாலும் இருக்கும். பொட்டலத்தின் முன்புறம் வெறும் காய்கறிப் படம் இருந்தாலும் நம்பாதீர்கள். ஒவ்வாமை தரக்கூடிய இறால், நண்டு, மீன் போன்றவை இருந்தால் சேர்மானத்தில் குறிப்பிட வேண்டும் என்பது இங்கே விதி. அதனால் பின்புறம் படித்தால் தெரிந்துவிடும். இறால் இருப்பதைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். மாமியாருக்குத் தெரியாமல் பரிமாறிவிடக் கூடாது, அது அவருடைய பல வருட நம்பிக்கை.

பொங்கோல் மருமகள்:

இப்போதே எடுத்துப் பார்த்தேன். மூன்றில் இரண்டு பொட்டலங்களில் உலர் இறால் இருக்கிறது. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை அக்கா.

செம்பவாங் புதியவன்:

ஞாயிற்றுக்கிழமை சமைத்துவிட்டேன். குழம்பு கெட்டியாக வந்தது, கோழி மென்மையாக இருந்தது, கிழங்கு உடையாமல் வெந்திருந்தது. தேங்காய்ப்பால் திரியவே இல்லை. உப்பு ஒரு துளிகூடப் போடவில்லை, சரியாக இருந்தது. முத்திரை பார்த்து வாங்கினேன், புதுச் சட்டியும் வாங்கிவிட்டேன். சோற்றோடு போதாமல் போகுமோ என்று பிரஞ்சு ரொட்டியும் வாங்கி வைத்திருந்தேன். மலாய் நண்பர் அதைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டு, இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். உடனே தொலைபேசியில் அழைத்துவிட்டார்.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். வெங்காயம் வதக்கியும் சிறிது புளிப்பு மிச்சம் இருந்தது. மேலும் ஒரு கிண்ணம் குழம்பும் அரைப் பொட்டலம் தேங்காய்ப்பாலும் மீந்திருக்கின்றன. எத்தனை நாள் வைக்கலாம்?

ஈசூன்வாசி:

மிக்க மகிழ்ச்சி தம்பி. புளிப்புக்கு அடுத்த முறை ஒரு வெங்காயத்தை இரண்டாக்குங்கள். அப்படியும் இருந்தால் கால் தேக்கரண்டி சர்க்கரை. தயிர் சேர்த்துவிடாதீர்கள், புளிப்பு கூடும்.

ஜூரோங் தாதி:

குழம்பு ஆறட்டும் என்று இரவு முழுவதும் மேடையில் விட்டுவிடாதீர்கள். தேங்காய்ப்பால் சேர்ந்தது இந்த ஊரில் சீக்கிரம் நொதித்துவிடும். இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான, மூடியுள்ள டப்பாவில் குளிர்சாதனப் பெட்டிக்குள் போக வேண்டும். இரண்டு நாளுக்குள் சாப்பிட்டுவிடுங்கள். சாப்பிடும் அளவை மட்டும் எடுத்து ஆவி பறக்கும்படி சூடாக்குங்கள், சூடாக்கியதை மறுபடி உள்ளே வைக்காதீர்கள். மீந்த தேங்காய்ப்பாலைப் பொட்டலத்தோடு வைக்காமல் பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்தால் அடுத்த கறிக்கு வேண்டிய கட்டிகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். உறைந்து உருகும்போது சற்றுப் பிரிந்ததுபோல் தெரியும், கிளறினால் குழம்பில் சேர்ந்துவிடும்.