1988: தேநீர்க் கடைச் சண்டைதான் காரணமா?

ரங்கூன் மாணவி:
பர்மாவில் ராணுவ ஆட்சியை எதிர்த்து நடந்த 1988 எழுச்சி ஒரு தேநீர்க் கடைச் சண்டையில் தொடங்கியது என்றே எங்கும் படிக்கிறேன். ஒரு கைகலப்புக்காகவா நகரமே தெருவில் இறங்கும்? அன்று இருந்த பெரியவர்கள் சொல்லுங்கள்.

தாம்வே பெரியவர்:
அந்தச் சண்டை 1988 மார்ச் 12-இல் நடந்தது. மறுநாள் மாணவர் போன் மாவ் சுடப்பட்டு இறந்தார். ஆனால் நீ 1987 செப்டம்பர் 5-இலிருந்து தொடங்க வேண்டும், அம்மா. அன்று 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அரசு அறிவித்தது, மாற்றியும் தரவில்லை. என் தாயார் இட்லி விற்றுச் சேர்த்ததைப் பழைய சேலைத் துணியில் முடிந்து அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார். முக்கால்வாசி 75 கியாட் நோட்டு. ஒவ்வொன்றாக எடுத்து, நீவி, மறுபடியும் அடுக்கினார். அழவில்லை. அன்றிரவு மாவரைக்கவும் இல்லை. விலைவாசி ஏறினால் மனிதன் வயிற்றைக் கட்டிக்கொள்வான். கையிலிருந்த காசையே அரசு காகிதமாக்கினால் எப்படிப் பொறுப்பான்?

மோல்மேன் தம்பி:
2007-லும் இதே கதைதான், ஐயா. ஆகஸ்ட் 15 அன்று டீசல் விலை இரு மடங்கு, வாகன எரிவாயு ஐந்து மடங்கு. பஸ் கட்டணம் கட்ட முடியாமல் அப்பா வேலைக்கு நடந்தே போனார். பௌத்தத் துறவிகள் போராட வருவதற்கு முன்பே ரங்கூனில் ஊர்வலம் தொடங்கிவிட்டது.

ரங்கூன் மாணவி:
ஐயா, அந்த நோட்டுகளை அம்மா என்ன செய்தார்கள்?

தாம்வே பெரியவர்:
சாகும்வரை அதே துணியில்தான் வைத்திருந்தார். இப்போது என்னிடம் இருக்கிறது.