குழைத்த மா 520 கிராம், பாண் 452: மிச்சம் எங்கே போனது?

கொக்குவில் அம்மா:
வணக்கம், வீட்டில் பாண் போடுகிறவர்களிடம் ஒரு கேள்வி. நேற்று கோதுமை மா 300 கிராம், தண்ணீர் 190, சீனி 10, மாஜரின் 10, உப்பு 5, ஈஸ்ட் 5 என்று எல்லாவற்றையும் டிஜிட்டல் தராசில் நிறுத்துத்தான் குழைத்தேன். மொத்தம் 520. வெந்து அச்சிலிருந்து கவிழ்த்த உடனே நிறுத்தபோது 459, பின்னேரம் ஆறிய பிறகு 452. ஒரு துண்டுகூட யாரும் பிய்க்கவில்லை. மகள் தரம் 10, திணிவுக் காப்பு விதி (பொருட்கள் மாறினாலும் மொத்தத் திணிவு மாறாது என்பது) படித்துவிட்டு வந்து "அப்ப 68 கிராம் எங்கை அம்மா?" என்று கேட்கிறாள். தண்ணீர் வற்றியது என்று சொன்னேன். அவ்வளவும் தண்ணீர்தானா? ஈஸ்ட் சீனியைத் தின்கிறதே, அதில் ஒன்றும் குறையாதா?

போறணை வீட்டுப் பிள்ளை:
அக்கா, உங்கள் கணக்கு சரியாகத்தான் வந்திருக்கிறது. எங்கள் அப்பா விறகுப் போறணை வைத்திருந்தவர். ஒரு றாத்தல் பாணுக்கு 18 அவுன்ஸ் குழைத்த மா வெட்டித் தராசில் போடுவார், வெந்து வரும்போது 16 அவுன்ஸ், அதாவது ஒரு றாத்தல் நிற்கும். இப்போது 450 கிராம் பாண் என்கிறார்களே, அதற்கும் வெட்டும்போதே 50, 60 கிராம் கூட்டி வெட்டத்தான் வேண்டும். றோஸ் பாணுக்கு இன்னும் கொஞ்சம் கூட்டுவார், ஏனென்றால் அது தட்டையாக விரிந்து கிடக்கும், நாலு பக்கமும் சூடு பட்டு நன்றாகக் காய்ந்துவிடும். அச்சுப் பாணுக்குத் தகரம் நாலு பக்கமும் அடியிலும் காவல், மேலால் மட்டும்தான் ஆவி சுகமாக வெளியேறும்.

இரசாயனவியல் ரீச்சர்:
பெரும்பகுதி தண்ணீர்தான், ஆனால் ஈஸ்ட் பற்றிய சந்தேகமும் நியாயமானதே. ஈஸ்ட் 180 கிராம் குளுக்கோசை நொதிக்க வைத்தால் 92 கிராம் எதனோலும் (மதுசாரம்) 88 கிராம் காபனீரொட்சைட்டும் கிடைக்கும். உங்கள் 10 கிராம் சீனி முழுவதும் நொதித்தாலும் வாயுவாகப் போவது 5 கிராம் அளவில்தான், எதனோலும் சூட்டில் பெரும்பாலும் ஆவியாகிவிடும். அதைவிட மாவிலுள்ள மாப்பொருளிலிருந்தும் கொஞ்சம் வெல்லம் உண்டாகி ஈஸ்ட்டுக்குப் போகும். எப்படிப் பார்த்தாலும் 68இல் சின்னப் பங்குதான் அது.

மற்றது, பலர் கணக்கில் எடுக்காத ஒன்று: கடையில் வாங்கும் மாவிலேயே 100 கிராமுக்கு 13, 14 கிராம் ஈரம் இருக்கிறது. ஆக நீங்கள் போட்ட தண்ணீர் 190 இல்லை, 230 போல. அதில் கால்வாசிதான் வெளியே போனது. பாணின் உள்பகுதியில் ஈரம் இருக்கும்வரை அங்கே சூடு 100 பாகையைத் தாண்டாது. மேல்தோல்தான் காய்ந்து, 100ஐத் தாண்டிச் சிவக்கிறது. மகளிடம் ஒரு துண்டை நிறுத்து, ஓவனில் மெல்லிய சூட்டில் எடை இனிக் குறையாது என்னும்வரை காயவைத்து, மறுபடி நிறுக்கச் சொல்லுங்கள். கருக விடக்கூடாது, கருகினால் மாவும் சேர்ந்து போய்விடும், கணக்குப் பிழைக்கும்.

கொக்குவில் அம்மா:
ரீச்சர், செய்து பார்த்தோம். 40 கிராம் துண்டு, காய்ந்து 25க்கு வந்து அப்படியே நின்றுவிட்டது. ஓவன் கதவைத் திறந்தபோது மகளின் கண்ணாடி பூத்துப்போய் ஒன்றும் தெரியவில்லை, "இதுதான் அம்மா அந்தத் தண்ணி" என்று துள்ளினாள். இன்றைக்குக் குழைத்த மாவையும் பொங்க வைக்க முன்னும் பின்னும் நிறுத்தோம். மூடித்தான் வைத்தோம், இரண்டு மணித்தியாலத்தில் 3 கிராம் குறைவு. அது காபனீரொட்சைட்டா?

இரசாயனவியல் ரீச்சர்:
கொஞ்சம் அது, கொஞ்சம் மேற்பரப்பு காய்ந்தது. 40க்கு 25 என்றால் நூற்றுக்கு 62, 63 திண்மம், நீங்கள் போட்ட பொருட்களின் கணக்கோடு நன்றாகப் பொருந்துகிறது. மகளை அந்த எண்களைத் திகதி போட்டுக் கொப்பியில் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

போறணை வீட்டுப் பிள்ளை:
ஆறிய பிறகு குறைந்த அந்த 7 கிராமும் ஆவிதான் அக்கா. சூட்டோடு பையில் கட்டினால் அது வெளியே போகாமல் பையில் வியர்த்து, தோல் நமுத்து, இரண்டாம் நாளே பூஞ்சணம் பிடித்துவிடும். கம்பித்தட்டில் நன்றாக ஆற விட்டுத்தான் கட்டுங்கள்.