ஏலத்தில் எடுத்த வீடு: வாசலில் ஈரக் கோலம்

வங்கி ஏலத்தில் வீடு எடுத்தவர்கள், எடுக்கப்போய்க் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் உங்கள் கதையை எழுதுங்கள். முதலில் என்னுடையது.

கோவை, துடியலூர் பக்கம். மூன்றே கால் சென்ட், கீழே இரண்டு படுக்கையறை, மாடியில் ஓர் அறை. 2021 கடைசியில் நாளிதழில் பொடி எழுத்தில் ஏல அறிவிப்பு வந்தது. கடன் பாக்கி 29 லட்சத்துச் சொச்சம் ‘மற்றும் மேல்வட்டி, செலவுகள்’. குறைந்தபட்ச விலை 38 லட்சம். அதே தெருவில் வெளியே வாங்கினால் ஐம்பதுக்குக் குறைந்து கிடைக்காது. பன்னிரண்டு லட்சம் மிச்சம் என்று மனைவியிடம் கணக்குச் சொன்னேன். அந்தக் கணக்கை அவள் இன்னும் மறக்கவில்லை.

வீட்டைக் காட்ட வந்த வங்கி ஊழியர் காரைவிட்டே இறங்கவில்லை. எதிர்ப்பக்கம் நிறுத்தச் சொல்லி, “அதோ அந்தப் பச்சை கேட் சார்” என்றார். உள்ளே பார்க்கலாமா என்றேன். “சிம்பாலிக் பொசஷன்தான் சார், சாவி எங்ககிட்ட இல்ல.” ஏதோ சம்பிரதாயம் போலிருக்கிறது என்று தலையாட்டினேன். சுவரில் நோட்டீஸ் ஒட்டி, பேப்பரில் விளம்பரம் கொடுத்து, ‘இனி இது எங்கள் சுவாதீனம்’ என்று வங்கி அறிவித்துவிட்டது, ஆனால் ஆள் உள்ளேயேதான் இருக்கிறார். அதற்குத்தான் அந்தப் பெயர். வாசலில் கோலம் ஈரம் காயாமல் கிடந்தது. அதையும் பார்த்தேன், மண்டையில் ஏறவில்லை.

ஏலம் ஆன்லைனில். முன்வைப்புத் தொகை பத்து சதவீதம், 3.80 லட்சம் கட்டியிருந்தேன். எதிராளி ஒரே ஒருவர், 20,000 வீதம் ஏறியது. கடைசி ஐந்து நிமிடத்துக்குள் யாராவது கேட்டால் இன்னும் ஐந்து நிமிடம் நீளும் என்பது விதி. அப்படியே முக்கால் மணி நேரம் இழுத்தது. 41.60-ல் அவர் நின்றுவிட்டார். ஜெயித்துவிட்டேன் என்று எழுந்து நின்று கத்தினேன்.

அதற்கப்புறம் ஓட்டம்தான். விலையில் 25 சதவீதத்தை அன்றே, மிஞ்சினால் அடுத்த வேலை நாளுக்குள் கட்ட வேண்டும். முன்வைப்புத் தொகை போக 6.60 லட்சம். மீதி 31.20 லட்சத்துக்கு, விற்பனை உறுதியானதிலிருந்து பதினைந்து நாள். வங்கி எழுத்தில் சம்மதித்தால் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம் என்று விதியில் இருக்கிறது. எனக்குச் சம்மதிக்கவில்லை. ஊரில் அப்பா நிலம் விற்ற பணம், மனைவியின் நகை, மச்சானிடம் கைமாற்று. பதினான்காம் நாள் கட்டி முடித்தேன்.

விற்பனைச் சான்றிதழ் வந்தது. வீடு வரவில்லை. உள்ளே இருந்தவர் கோவை டி.ஆர்.டி.யில், அதாவது கடன் வசூல் தீர்ப்பாயத்தில், வழக்குப் போட்டிருந்தார். அது ஒருபக்கம் தள்ளித் தள்ளிப் போக, வாராக்கடனுக்கு ஈடான சொத்தை வங்கியே விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின் 14-ஆம் பிரிவில் நடுவர் நீதிமன்ற உத்தரவு வாங்கி ஆளை வெளியேற்ற வேண்டியது வங்கியின் பொறுப்பு. வங்கிக்குப் பணம் வந்துவிட்டது, அதற்கென்ன அவசரம்? கிளையில் மேலாளர் இரண்டு முறை மாறினார். புதிதாக வந்தவருக்கு நான் முதலிலிருந்து கதை சொன்னேன். ஒருபக்கம் நகைக்கடன் வட்டி, ஒருபக்கம் குடியிருந்த வீட்டு வாடகை 9,500. பதினான்கு மாதம்.

வழக்கு தள்ளுபடியாகி, 2023 ஏப்ரலில் ஒரு நாள் காலை வழக்கறிஞர் ஆணையர், வி.ஏ.ஓ., இரண்டு போலீஸ், பூட்டு உடைக்கிற ஆள் எல்லோரும் வந்தார்கள். உடைக்கிற வேலையே இருக்கவில்லை. கதவு திறந்தே இருந்தது. உள்ளே இருந்தவர் அறுபத்தைந்து வயதுக்காரர், பனியன் துணி வியாபாரம் செய்து நொடித்தவர். சாமான்களை மூட்டை கட்டி வைத்திருந்தார். அவர் மனைவி என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. ஆணையர் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தபோது பெரியவர் என்னிடம் வந்து, “தம்பி, மோட்டாரை மட்டும் கழட்டிக்கட்டுங்களா? போன வருசந்தான் போட்டது” என்றார். எடுத்துக்குங்க ஐயா என்றேன். சட்டப்படி வீட்டோடு சேர்ந்த பொருள் என்று ஆணையர் முணுமுணுத்தார். மறுநாள் புது மோட்டாருக்கு எட்டாயிரம் ஆனது. போகட்டும்.

மின் கட்டண பாக்கியும் நான்கு வருடச் சொத்து வரியும் என் தலையில். ‘உள்ளது உள்ளபடி’ என்று அறிவிப்பில் இருந்ததற்கு அதுதான் அர்த்தம்.

*

மதுரையிலிருந்து:

அண்ணா, நீங்களாவது வீட்டைப் பார்த்தீர்கள். நான் 27 லட்சத்துக்கு ஒரு அபார்ட்மென்ட் எடுத்தேன். 25 சதவீதம், 6.75 லட்சம் கட்டியாயிற்று. மீதிக்கு இன்னொரு வங்கியில் கடன் ‘கண்டிப்பாகக் கிடைக்கும்’ என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள். விண்ணப்பித்த பிறகுதான் வரைபட அனுமதிக்கு மேல் ஒரு தளம் கூடுதலாகக் கட்டியிருக்கிறது என்று அவர்கள் வக்கீல் எழுதினார். எந்தத் தளம் என்று நினைக்கிறீர்கள்? என் தளம்தான்.

கெடு முடிந்தது, 6.75 லட்சமும் பறிமுதல். அவர்களுக்கு என்ன நஷ்டம், மறு ஏலத்தில் என் விலையைவிட அதிகமாகத்தானே விற்றார்கள் என்று சண்டை போடக் கிளம்பினேன். வக்கீல் 2024 பிப்ரவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எடுத்துக் காட்டினார். நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றுதான். ஏலத்தில் எடுத்தவர் மீதிப் பணம் கட்டத் தவறினால், கட்டிய 25 சதவீதம் முழுவதையும் வங்கி எடுத்துக்கொள்ளலாம், நஷ்டம் எவ்வளவு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். கடன் ஒப்புதல் கடிதம் கையில் இல்லாமல் ஏலத்தில் உட்காராதீர்கள், அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

*

ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர்:

தம்பி, காரைவிட்டு இறங்காத ஆள் நானாகக்கூட இருந்திருக்கலாம். ஆறு வருடம் வங்கி சார்பில் இந்த ஏலங்களை நடத்தும் ‘அங்கீகரிக்கப்பட்ட அதிகாரி’யாக இருந்தேன். உள்ளே போனால் அடி விழும் என்ற பயம் எங்களுக்கு உண்டு. ஒரு ஊரில் நாயை அவிழ்த்து விட்டார்கள். மதிப்பீட்டாளரே பல வீடுகளைத் தெருவில் நின்றுதான் மதிப்பிடுவார். அறிவிப்பில் போட்ட சதுர அடியை அப்படியே நம்பவேண்டாம் என்று நான் சொன்னால் சிரிப்பீர்கள்.

முதல் கடிதம், பாக்கியைக் கட்டச் சொல்லும் 13(2) நோட்டீஸ். அறுபது நாள் அவகாசம். அதை எத்தனை பேர் பிரித்தே பார்ப்பதில்லை தெரியுமா? பேப்பரில் பெயர் வந்த அன்று காலையில்தான் சொந்தபந்தங்களோடு கிளைக்கு ஓடி வருவார்கள். முன்பெல்லாம் விற்பனை முடியும்வரை பணத்தைக் கட்டி வீட்டை மீட்டுக்கொள்ளலாம். 2016-இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். ஏல அறிவிப்பு வெளியான நாளோடு அந்த உரிமை முடிந்தது என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் தீர்த்துச் சொல்லிவிட்டது. அதற்கு முன்பு, ஏலம் எடுத்தவர் முழுப் பணம் கட்டிய பிறகும் பழைய முதலாளி பணத்தோடு வந்து நிற்பதும், எடுத்தவர் அழுவதும் நடந்திருக்கிறது. இரண்டு பக்கத்து அழுகையும் என் மேசைக்குத்தான் வரும்.

ஏலத்துக்கு முன் கிளையில் மூன்று கேள்வியை எழுத்தில் கேளுங்கள். சுவாதீனம் எந்த வகை? டி.ஆர்.டி.யில் வழக்கு இருக்கிறதா? உள்ளே வாடகைக்காரர் உண்டா? பதில் சொல்லத் தயங்கினால் அதுவே பதில். வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் பார்ப்பதெல்லாம் நீங்கள் எப்படியும் செய்வீர்கள். மின் பாக்கி பற்றிச் சொன்னீர்களே, பழைய பாக்கியைக் கட்டினால்தான் புது இணைப்பு என்று மின்வாரியம் நிபந்தனை போடலாம் என்று 2023 மே மாதமே தீர்ப்பு வந்தாயிற்று. விலை பேசும்போதே அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

*

திருச்சியிலிருந்து:

நான் இந்தக் கதையில் உள்ளே இருந்தவள். சித்தப்பாவின் அரிசி ஆலைக் கடனுக்கு அப்பா எங்கள் வீட்டை ஈடாக வைத்து ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். சுவரில் நோட்டீஸ் ஒட்டிய அன்று ஸ்கூல் விட்டு வந்த என் பையன் அதைச் சத்தம்போட்டு வாசித்தான். அவனுக்கு அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்க வந்திருந்தது.

எடுத்தவர் நல்ல மனிதர். போலீஸோடு வரும் முன் ஒருநாள் தனியாக வந்தார், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. திண்ணையில் உட்கார்ந்து, “எப்ப உங்களுக்குத் தோதுப்படும்?” என்று அப்பாவைக் கேட்டார். இரண்டு மாதம் கொடுத்தார். கோர்ட்டுக்குப் போகாமல் நாங்களே சாவியைக் கொடுத்தோம். பழத்தை அம்மா தொடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. எங்கள் வீடு கடன் பாக்கியைவிட அதிக விலைக்குப் போனது. வட்டி, செலவு எல்லாம் கழித்து மிஞ்சுகிற பணம் வங்கிக்குச் சொந்தமில்லை, உரியவருக்குத் திருப்பித் தர வேண்டும். சர்ஃபேசி சட்டத்தின் 13(7) பிரிவு. யாரும் எங்களிடம் சொல்லவில்லை. எட்டு மாதம் கழித்து நான் எங்கோ படித்துவிட்டு, கணக்கு கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் போட்டேன். மூன்றாவது கடிதத்துக்குப் பணம் வந்தது. அப்பா அதில்தான் கண் ஆபரேஷன் செய்துகொண்டார்.

*

மறுபடியும் நான், துடியலூர்:

பதிவுச் செலவு பற்றித் தனிச்செய்தியில் சிலர் கேட்டிருந்தார்கள். வங்கி அனுப்புகிற சான்றிதழ் நகலைச் சார்பதிவாளர், அசையாச் சொத்துப் பத்திரங்களுக்கான 1-ஆம் புத்தகத்தில் கோப்பு செய்துகொள்வதற்கு முத்திரைத் தீர்வை இல்லை. அசலையே கொண்டுபோய்ப் பதிவு செய்தால் தீர்வை கட்ட வேண்டும். எது உங்களுக்குச் சரி என்று வக்கீலிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பட்டா மாற்றம் எனக்கு நான்கு மாதம் ஆனது.

திருச்சி அம்மா எழுதியதைப் படித்தபிறகு பழைய விளம்பரத் துண்டைத் தேடி எடுத்தேன். பாக்கி 29 லட்சத்துச் சொச்சம். நான் கட்டியது 41.60. மேல்வட்டி, செலவு எல்லாம் கழித்தாலும் ஏதோ மிஞ்சியிருக்க வேண்டும்.

பெரியவர் நம்பர் என்னிடம் உண்டு. அவர் பெயருக்கு இன்னமும் இங்கேதான் கல்யாணப் பத்திரிகைகள் வருகின்றன. போன் செய்தால் சைக்கிளில் வந்து கேட்டுக்கு வெளியிலேயே நின்று வாங்கிப் போவார். நேற்று ராத்திரி கூப்பிட்டேன். பத்திரிகை வந்திருக்கா தம்பி என்றார். இல்லீங்க ஐயா, வேறு விஷயம் என்று சொல்லி, மிச்சப் பணம் வங்கி கொடுத்ததா என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், “அப்படி ஒண்ணு இருக்குதா?” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். திருச்சி அம்மா, நீங்கள் போட்ட கடிதத்தின் நகல் இருந்தால் அனுப்புங்களேன்.