டாக்டர் திருப்பிக் கொடுத்த நோட்டு

குழு: வலங்கைமான் வீடு

சின்ன அத்தை, காலை 7:12
தை மாதத்தோடு நம் டாக்டர் கிளினிக்கை மூடிவிடுகிறார். எழுபத்தெட்டு வயதாகிவிட்டது. அண்ணனின் சிகிச்சை நோட்டை என் கையில் கொடுத்து, "பத்திரம்" என்றார். முதல் பக்கத்தில் 1998 என்று இருக்கிறது.

தம்பி, சென்னை, 7:31
வருத்தமாக இருக்கிறது, அத்தை. இனிமேல் அப்பாவைத் தஞ்சாவூரில் பெரிய மருத்துவமனையிலேயே காட்டிவிடலாம். இதயத்துக்கு, சர்க்கரைக்கு என்று எல்லா டாக்டர்களும் ஒரே கட்டடத்தில் இருக்கிறார்கள். காய்ச்சல் என்றாலும் நேரே அங்கே போய்விடலாம்.

நான், 7:48
2021 மே மாதம் நீ இங்கே இல்லை, தம்பி. அப்பாவுக்குக் கொரோனா காய்ச்சல் கண்ட இரண்டாம் நாளே, "எதிர்வீட்டில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறார்கள், அப்பாவுக்கும் எழுதிக் கொடுங்கள்" என்று டாக்டரிடம் அழுதேன். மறுத்துவிட்டார். அத்தனை கூட்டத்துக்கு நடுவிலும் பொறுமையாக விளக்கினார். பிரிட்டனில் 2020இல் நடந்த ஆய்வில், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, ஆக்சிஜன் தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளைத்தான் காப்பாற்றியதாம். மற்றவர்களுக்குப் பயன் தரவில்லையாம். அப்பாவுக்கு அப்போது ஆக்சிஜன் அளவு 97. மாத்திரை கொடுத்தால் சர்க்கரைதான் ஏறும் என்றார். அதே மாதம் கருப்புப் பூஞ்சைச் செய்திகள் வந்தன. சர்க்கரை நோயாளிகள் ஸ்டீராய்டும் எடுத்திருந்தால் ஆபத்து அதிகம் என்று படித்தபோது எனக்குக் கை நடுங்கியது.

நான், 7:56
தினமும் காலையும் மாலையும் அவரே தொலைபேசியில் கூப்பிடுவார். அப்பாவை முற்றத்தில் ஆறு நிமிடம் நடக்கவிட்டு, பிறகு ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்க்கச் சொல்வார். எட்டாம் நாள் உட்கார்ந்திருக்கும்போது 95, நடந்ததும் 90. "இனி வீட்டில் வேண்டாம், 108ஐக் கூப்பிடு" என்றார். இன்சுலின் அளவு, சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது, எல்லாவற்றையும் எழுதி, ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஒரு சீட்டு அனுப்பிவிட்டார். தஞ்சாவூர் மருத்துவமனையில் துணைக்கு யாரையும் உள்ளே விடவில்லை. அப்பாவுக்குப் பேச மூச்சில்லை. அவரோடு உள்ளே போனது அந்தச் சீட்டு மட்டும்தான்.

சித்தி, பாபநாசம், 8:20
உன் சித்தப்பாவுக்குக் கொரோனா வரவே இல்லை, தம்பி. 2020 ஏப்ரலில் பஸ் ஓடவில்லை. பிரஷர் மாத்திரை தீர்ந்துபோனதை என்னிடம்கூடச் சொல்லவில்லை. ஊரே தொற்றுக்குப் பயந்து கிடக்கும்போது இதை யாரிடம் கேட்பது என்று இருந்துவிட்டார். வைகாசியில் பக்கவாதம் வந்தது. இப்போது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எனக்கு மாத்திரை வாசலுக்கே வருகிறது. அது 2021 ஆகஸ்டில்தான் தொடங்கியது.

தம்பி, சென்னை, 8:34
சித்தி, மாத்திரை நின்றுபோனதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

நான், 8:41
தஞ்சாவூர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அங்கே எப்போது போக வேண்டும், எப்போது போகக் கூடாது என்று சொல்ல, அப்பாவைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் வேண்டும்.

சின்ன அத்தை, 8:50
ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்திருக்கும் டாக்டரம்மாவிடம் நேற்றே பேசினேன். நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். நம் டாக்டரிடமும் ஒருமுறை பேசிக்கொள்கிறாராம்.

தம்பி, சென்னை, 8:58
பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புங்கள், அத்தை. எந்த மருந்து எப்போது மாறியது, எது ஒத்துக்கொள்ளாது என்று தேதிவாரியாகத் தட்டச்சு செய்து தருகிறேன்.

அப்பா, 9:15
படம் எடுத்ததும் நோட்டை என்னிடம் கொடுத்துவிடுங்கள். சம்பா அறுவடை முடிந்ததும் டாக்டர் வீட்டில் ஒரு மூட்டை அரிசி இறக்க வேண்டும். நானும் வண்டியில் வருகிறேன்.