சி.பி.எஸ்.எஸ்-ல் விழுந்தாச்சு: தரைப் பணியா, தரைப்படையா?

மெக்கானிக்கல்23:
வணக்கம். போன மாசம் மைசூர்ல விமானப்படை ஆபீசர் தேர்வு வாரியத்துக்கு (ஏ.எஃப்.எஸ்.பி) போயிருந்தேன். ஏஎஃப்கேட்ல, அதாவது விமானப்படை நுழைவுத் தேர்வுல, பறக்கும் பிரிவு மட்டும்தான் போட்டிருந்தேன். ரெண்டு கட்டமும் தாண்டி, கான்ஃபரன்ஸ்ல ரெகமண்ட் ஆனேன். கடைசியில சி.பி.எஸ்.எஸ்-ல, அதாவது பைலட் ஆகிற திறமையைக் கம்ப்யூட்டர்ல பாக்கிற தேர்வுல போச்சு.

தெரியாதவங்களுக்கு: திரையில ஒரு புள்ளி ஓடிக்கிட்டே இருக்கும். கையில ஸ்டிக், காலில பெடல், ரெண்டையும் வச்சு அதை ஒரு கட்டத்துக்குள்ள பிடிச்சு நிறுத்தணும். நடுவுல விளக்கு எரியும், பீப் அடிக்கும். அதை இன்னொரு கையால அணைக்கணும். நான் விளக்கை எல்லாம் ஒழுங்கா அணைச்சேன். புள்ளியை விட்டுட்டேன்.

இது வாழ்க்கையில ஒரே தடவைதான். இனி விமானப்படை, கடற்படை எதிலயும் பைலட் கிடையாது. வயசு 23 முடியப்போகுது, பி.இ. மெக்கானிக்கல். விமானப்படையிலேயே பறக்காத தரைப் பணிக்கு 26 வரைக்கும் நேரம் இருக்கு. டெக்னிக்கல் பிரிவு போடலாமா, இல்ல ஆர்மிக்குப் போயிடலாமா? உண்மையைச் சொல்லுங்க, ஆறுதல் வேண்டாம்.

பரங்கிமலை:
ஆர்மி. யோசிக்கவே வேண்டாம்.

விமானப்படையில பைலட் இல்லாத ஆபீசர் ரெண்டாம் பந்தி. சாப்பாடு அதேதான், இலையும் அதேதான், ஆனா முதல் பந்தி எழுந்த பிறகுதான் உட்காரணும். ஆர்மியில எல்லாருமே மண்ணுல நடக்கிறவங்க, அந்தப் பேதம் கிடையாது. எஸ்.எஸ்.சி (ஷார்ட் சர்வீஸ், குறுகிய காலப் பணி) டெக்னிக்கல் என்ட்ரிக்கு எழுத்துத் தேர்வே இல்லை, பி.இ. மார்க்கைப் பார்த்து நேரா எஸ்.எஸ்.பி இன்டர்வியூக்குக் கூப்பிடுவாங்க. நான் ஓ.டி.ஏ-ல (ஆர்மி ஆபீசர் பயிற்சி அகாடமி) இருந்து வந்தவன், சொந்த அனுபவத்துல சொல்றேன்.

ராடார் அறை:
பரங்கிமலை சார், பந்திக் கதை நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஆர்மியில் காலாட்படைக்காரர் பொறியாளர் படைக்காரரை எப்படிப் பார்க்கிறார் என்று நீங்களே சொல்லுங்களேன்? பொறியாளர் படையிலிருந்து ஒருவர் தரைப்படைத் தளபதியானது 2022-ல்தான், அதுதான் முதல் முறை. பந்தி எல்லா வீட்டிலும் உண்டு.

தம்பி, நான் நிர்வாகப் பிரிவில் பத்து வருடம் இருந்தேன். பெயரைக் கேட்டு ஃபைல் தள்ளும் வேலை என்று நினைக்காதீர்கள். ஏர் டிராஃபிக் கன்ட்ரோலரும் ஃபைட்டர் கன்ட்ரோலரும் இந்தப் பிரிவிலிருந்துதான் வருகிறார்கள். நான் ஃபைட்டர் கன்ட்ரோலர். இருட்டு அறை, திரையில் ரெண்டு புள்ளி, காதில் ஹெட்செட். எதிராளி எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில், எந்த உயரத்தில் என்று நான் சொல்லச் சொல்ல அங்கே மேலே ஒருவர் விமானத்தைத் திருப்புவார். இறுக்கித் திருப்பும்போது அவர் மூச்சுப் பிடித்துப் பேசுவது காதில் கேட்கும். பாதி வார்த்தைதான் வரும். மீதியை நான் புரிந்துகொள்ள வேண்டும். முதல் தடவை அதைக் கேட்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

2019 பிப்ரவரி 27 அன்று பாகிஸ்தான் விமானங்களோடு மேலே நடந்த மோதலில் தரையிலிருந்து நம் விமானிகளுக்கு வழிகாட்டியவர் ஃபைட்டர் கன்ட்ரோலர் ஸ்குவாட்ரன் லீடர் மிண்டி அகர்வால். யுத்த சேவா பதக்கம் வாங்கிய முதல் பெண் அவர்தான். அவர் உட்கார்ந்திருந்தது எந்தப் பந்தி?

கணக்குப்பிள்ளை:
ஒரு பதக்கத்தை வைத்து ஒரு வாழ்க்கையை முடிவு பண்ண முடியாது, மேடம். நான் வேறொரு பட்டியல் சொல்கிறேன். விமானப்படைத் தளபதி நாற்காலியில் பைலட் அல்லாத ஒருவர் இன்றுவரை உட்கார்ந்ததில்லை. பைலட்களிலேயே ஹெலிகாப்டர்காரர் ஒருவர் அங்கே வர 2007 ஆகிவிட்டது. டெக்னிக்கல்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் மேலே ஒரு கூரை இருக்கிறது.

அதைவிடப் பெரிய விஷயம் பணம். ஷார்ட் சர்வீஸில் தரைப் பணிக்கு 10 வருடம், நீட்டித்தால் இன்னொரு 4. ஓய்வூதியத்துக்கு 20 வருடம் வேண்டும். நிரந்தரக் கமிஷன் காலியிடத்தைப் பொறுத்தது. ஆரம்பத்தில் 56,100 அடிப்படை, மேலே 15,500 ராணுவப் பணி ஊதியம், படிகள் தனி என்று கேட்க இனிக்கும். 35-ல் கிராஜுவிட்டியோடு வெளியே வந்து, 25-ல் சேர்ந்த பையனுக்குக் கீழே வேலை கேட்டு நிற்கும்போது தெரியும். பறக்க ஆசை என்றால் சிவில் லைசன்ஸ் எடு. 200 மணி நேரம் பறந்தால் சி.பி.எல் என்ற வணிக விமானி லைசன்ஸ். சி.பி.எஸ்.எஸ்-ல் விழுந்தவன் என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

மெக்கானிக்கல்23:
சி.பி.எல்-க்கு வீட்டுல வசதி இல்லை சார். கடன் வாங்கிப் பறக்கிற தைரியமும் இல்லை.

ராடார் அறை:
கணக்குப்பிள்ளை சொல்வதில் ஓய்வூதியக் கணக்கு உண்மை, மறுக்க மாட்டேன். நானே வெளியே வந்த முதல் எட்டு மாதம் திண்டாடினேன். ஆனால் "25 வயதுப் பையனுக்குக் கீழே" என்பது ரொம்ப ஓவர்.

பழைய சார்ஜண்ட்:
நான் ஆபீசர் இல்லை. இருபது வருஷம் ஏர்ஃப்ரேம் ஃபிட்டரா, அதாவது விமானத்தோட உடம்பைப் பழுது பாக்கிறவனா இருந்து வெளியே வந்தவன். இங்க எல்லாரும் பையனுக்கு எது நல்லதுன்னு பேசுறீங்க. அவனுக்குக் கீழ வேலை பாக்கப்போறவனுக்கு எது நல்லதுன்னு யாரும் கேக்கலையே?

எந்த ஊர், எந்த ஸ்குவாட்ரன்னு சொல்ல மாட்டேன். ஒரு டெக்னிக்கல் ஆபீசர் இருந்தார். பைலட் ஆகணும்னு வந்து முடியாமப் போனவர். நல்ல மனுஷன், கோபமே வராது. ஆனா விமானம் ஓடுபாதையில கிளம்புற சத்தம் கேட்டா கையில இருக்கிற வேலையை விட்டுட்டு வெளியே போய் நிப்பார். அது மறையிற வரைக்கும் பாத்துட்டு உள்ள வருவார். நாங்க ஃபார்ம் 700-ஐ நீட்டினா படிக்காமலே கையெழுத்துப் போடுவார். ஃபார்ம் 700-ன்னா அந்த விமானத்தோட ஜாதகம் மாதிரி. என்ன கோளாறு, யார் சரி பண்ணினா, யார் பாத்தா எல்லாம் அதுல இருக்கும். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் பைலட் ஏறுறான். ஒரு நாள் நான் வேணும்னே ஒரு கட்டத்தை நிரப்பாம நீட்டினேன். அதுக்கும் போட்டுட்டார். நான்தான் பக்கத்துல நின்னு "சார், இதைப் பாருங்க"ன்னு சொன்னேன். முகம் செத்துப்போச்சு.

அவருக்கு அப்புறம் வந்தவரும் அதே கதைதான், அவரும் பைலட் தேர்வுல விழுந்தவர். ஆனா அவர் வந்த முதல் வாரம் டார்ச் எடுத்துக்கிட்டு எங்ககூட சக்கரக் குழிக்குள்ள தலையை விட்டார். ஹைட்ராலிக் எண்ணெய் சட்டையெல்லாம். ஒரு லீக்கை நாங்க ரெண்டு நாள் தேடிக்கிட்டு இருந்தோம், அவர் விரலால தடவியே கண்டுபிடிச்சார்.

அதனால தம்பி, டெக்னிக்கலா ஆர்மியான்னு கேக்காதே. நீ எந்த ஆளுன்னு உனக்கே தெரியும்.

பரங்கிமலை:
சார்ஜண்ட் ஐயா, நீங்க என் பக்கம்தான் பேசுறீங்க! அந்த முதல் ஆபீசர் ஆர்மிக்கு வந்திருந்தா அந்தச் சத்தமே காதுல விழுந்திருக்காது. தினம் கண் முன்னாடி எட்டாத பழத்தைத் தொங்கவிட்டா எவனுக்கும் மனசு அலையத்தான் செய்யும்.

பழைய சார்ஜண்ட்:
அலையிறவன் எங்க போனாலும் அலைவான். ஆர்மியில தலைக்கு மேல ஹெலிகாப்டரே போகாதா?

கணக்குப்பிள்ளை:
ரெண்டாவது ஆபீசர் இப்போது எங்கே, என்ன ரேங்க்? அதையும் சொல்லுங்கள்.

பழைய சார்ஜண்ட்:
விங் கமாண்டரோட நின்னுட்டார். வருத்தமா இருக்கறாரான்னு போன்ல கேட்டேன். இருக்குன்னுதான் சொன்னார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

அரக்கோணத்தான்:
யாரும் கடற்படையைப் பத்திப் பேசவே இல்லையே. நேவல் ஏர் ஆபரேஷன்ஸ் ஆபீசர்னு ஒண்ணு இருக்கு, முன்னாடி அப்சர்வர்னு சொல்வாங்க. விமானத்தை ஓட்ட மாட்டாங்க, ஆனா விமானத்துலதான் இருப்பாங்க. நீர்மூழ்கியைத் தேடுறது, சென்சார், ஆயுதம் எல்லாம் அவங்க கையில. எங்க ஊர் ஐ.என்.எஸ் ராஜாளி கடற்படைத் தளத்துல 'பி-8 ஐ'ங்கிற கண்காணிப்பு விமானம் நிக்குது, தினம் வீட்டு மாடியில இருந்து பாப்பேன். வயசு வரம்பை மட்டும் உடனே பாத்துக்கப்பா, உனக்கு நாள் ரொம்பக் கம்மி.

ராடார் அறை:
நல்ல யோசனை. அதோடு, விமானப்படையில் 2022-ல் வெப்பன் சிஸ்டம்ஸ் என்று தனிப் பிரிவே அறிவித்தார்கள். ஏவுகணை, ஆளில்லா விமானம், ரெண்டு பேர் அமரும் விமானத்தின் ஆயுத இயக்குநர் எல்லாம் அதில் வரும். அதற்கான பள்ளி ஹைதராபாத்தில் 2024-ல் திறந்தார்கள். சேரும் தகுதிகளை அறிவிப்பில் படித்துவிட்டுப் போடுங்கள். பிரிவின் பெயரில் மயங்க வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
ஆக மொத்தம் பைலட் சீட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் உட்காரலாம் என்றுதான் எல்லாரும் வழி சொல்கிறீர்கள். சார்ஜண்ட் சொன்ன நோய் இதுதானே?

பழைய சார்ஜண்ட்:
இந்த ஒரு விஷயத்துல கணக்குப்பிள்ளை சொல்றது சரி. தம்பி, இன்டர்வியூல "பறக்கும் பிரிவு கிடைக்கலைன்னுதானே இங்க வந்தே?"ன்னு கேப்பாங்க. என்ன சொல்வே? இங்கேயே எழுது பாக்கலாம்.

மெக்கானிக்கல்23:
ரெண்டு நாளா யோசிச்சேன். இப்படித்தான் சொல்வேன்:

"ஆமா சார், பைலட் ஆகத்தான் முதல்ல வந்தேன், முடியல. நான் மெக்கானிக்கல். ஒரு மெஷின் ஏன் ஓடலைன்னு தேடுறது எனக்கு அலுக்காத வேலை, காலேஜ்ல ராத்திரி முழுக்க லேப்ல இருந்திருக்கேன். அதுக்காகத்தான் டெக்னிக்கல் கேக்குறேன். மேலே விமானம் போனா இப்பவும் நிமிர்ந்து பாப்பேன், அதை மறைக்க விரும்பல."

ஏஎஃப்கேட் அடுத்த அறிவிப்புக்கு டெக்னிக்கல் முதல், நிர்வாகம் ரெண்டாவதா போடறேன். எஸ்.எஸ்.சி டெக்கும் போட்டு வைக்கிறேன், பரங்கிமலை சார் கோவிச்சுக்காதீங்க.

பரங்கிமலை:
கோவம் இல்ல. ஆனா கடைசி வரியைத் தூக்கிடு. போர்டுல உக்காந்திருக்கிறவங்க அதையே பிடிச்சுத் தொங்குவாங்க.

ராடார் அறை:
நானும் தூக்கத்தான் சொல்வேன். அந்த வரி இல்லாமலே பதில் முழுசாக இருக்கிறது.

பழைய சார்ஜண்ட்:
இருக்கட்டும் தம்பி. லேப்ல ராத்திரி என்ன மெஷினைப் பிரிச்சேன்னு மட்டும் தயாரா வச்சுக்க, அடுத்த கேள்வி அதுதான்.