புதுப்பிப்பு: கழுத்து மட்டுமா, முழு நீளமா?

டெக்சாஸில் இருக்கும் மச்சானின் .308 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளுக்கு, மீண்டும் மருந்து நிரப்பிப் பயன்படுத்த, சுட்டு முடித்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைக் குண்டு உட்காரும் கழுத்தில் மட்டும் சுருக்குவதா முழு நீளமுமா என்று கேட்டிருந்தேன், முடிவாகிவிட்டது: முழு நீளம்தான். கழுத்து மட்டும் என்றால் பித்தளை குறைவாகத் தேயும், உண்மைதான், ஆனால் சுடச்சுடக் கூடு துப்பாக்கியின் தோட்டா அறை அளவுக்கே விரிந்து ஒரு கட்டத்தில் அறையை மூடும் போல்ட்டே இறுகிவிடும். அதற்காகக் கூட்டைச் சுருக்கும் அச்சான டையை ஒரேயடியாக இறக்கக் கூடாது. சுட்ட கூட்டை அளந்து, தோள் (கழுத்துக்குக் கீழே உள்ள சரிவு) 0.002 அங்குலம், அதாவது சுமார் 0.05 மில்லிமீட்டர் மட்டும் பின்னால் போகும்படி வைக்கச் சொன்னேன். அதிகம் தள்ளினால் கூடு அடிப்பக்கம் மெலிந்து அறுந்தே போகலாம், ஆபத்து. செமி ஆட்டோ (சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும் துப்பாக்கி) என்றால் யோசிக்கவே வேண்டாம், முழு நீளம். இங்கே இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம், யாரும் முயல வேண்டாம். அப்புறம் மச்சான், லூப் (மசகு) தடவாமல் டைக்குள் விடாதீங்க, மாட்டிக்கொள்ளும்.